நல்லதுக்கா, கெட்டதுக்கா?

காலையில் கடையைத் திறந்ததும் நான் செய்கிற முதல் வேலை நாற்காலிகளின் கால்களைத் துடைப்பது. தூசி இல்லை, பாசி. சாத்தூர்ப் பக்கம் இருந்து இதை வாசிக்கிறவர்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். "பிளாஸ்டிக் சேர்ல பாசி பிடிக்குமாக்கா? கதை விடாத" என்று என் தம்பியே போனில் கேட்டான். பிடிக்கும் தம்பி. ஆடி மாதம் நம் கரிசல் காட்டில் காற்று புழுதியை வாரி வாயில் போடுகிற அதே நாட்களில், இங்கே பாறசாலைக்கும் கொல்லயிலுக்கும் நடுவில் மழை நிற்காமல் பெய்யும். இரண்டு நாள் அசையாமல் நின்றால் நாற்காலிக் கால் பச்சையாகிவிடும். ஒரு வாரம் நின்றால் நானும் பச்சையாகிவிடுவேன் போல. அங்கே இருந்தவரை பழைய சேலைத் துணியால் அடித்துத் தூசி தட்டினேன். இங்கே அதே துணியை நனைத்து வழிக்கிறேன்.

நாங்கள் ஒன்றும் கடல் தாண்டி வந்தவர்கள் இல்லை. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம், அவ்வளவுதான். ஆனாலும் தாண்டினது தாண்டினதுதான். பஸ்ஸில் பலகை மலையாளம், ரேஷன் கார்டு மலையாளம், உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் பேசுவது தமிழ். அந்தத் தமிழ் என் தமிழ் இல்லை. ஒரு வாக்கியத்தைத் தமிழில் எடுத்து மலையாளத்தில் வைப்பார்கள், நான் நடுவில் எங்கேயாவது இறங்கி நின்றுகொண்டிருப்பேன். தமிழே பேசுகிறவர்கள், பாண்டிச் சீமையிலிருந்து வந்தவள் என்று, என்னைப் 'பாண்டிக்காரி' என்றார்கள். முதலில் கோபம் வந்தது. கடைக்கு வெளியே அழகான பெயர்ப்பலகை ஒன்று எழுதி மாட்டியிருக்கிறேன், அதை இன்றுவரை யாரும் சொன்னதில்லை. 'பாண்டிக்காரி கடை' என்று கேட்டால் சின்னப் பிள்ளை கூட வழி காட்டும்.

என் வீட்டுக்காரர் கேபிள் இழுக்கிற கம்பெனி வேலைக்காக இங்கே வந்தார், நானும் கூட வந்தேன். மூன்றாம் வருஷம் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. காரக்கோணம் ஆஸ்பத்திரியில் வைத்து நல்லபடியாகப் பார்த்தார்கள், நடக்க வைத்தார்கள், ஆனால் இனி ஏணி ஏற முடியாது. ஊருக்குத் திரும்பலாம் என்று மூட்டை கட்டிய வாரத்தில்தான், பக்கத்தில் வாடகைச் சாமான் கடை வைத்திருந்தவர் மஸ்கட்டில் மகள் வீட்டோடு போய் இருக்கப் போகிறேன், கடையை எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார். நாற்காலி, மேசை, அண்டா, உருளி, தார்ப்பாய், டியூப் லைட். எனக்குச் சிரிப்பு வந்தது. சாத்தூரில் என் அப்பா நடத்தியதும் இதே கடைதான். அண்டாவுக்குள் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவள் நான். விதி என்னைச் சுற்றிக்கொண்டு வந்து அண்டாவுக்குள்ளேயே போட்டது.

அப்பாவின் கடையில் யார் வந்து நின்றாலும் முதல் கேள்வி ஒன்றுதான். "நல்லதுக்கா, கெட்டதுக்கா?" எத்தனை நாற்காலி, என்றைக்கு, எந்தத் தெரு என்பதெல்லாம் அப்புறம். நல்லதுக்கு என்றால் இடது பக்க அறை, கெட்டதுக்கு என்றால் வலது பக்க அறை. சாவு வீட்டுக்குப் போகிற நாற்காலியின் அடிப்பக்கத்தில் சிவப்பு பெயிண்டில் ஒரு பொட்டு இருக்கும். அது ஒருநாளும் கல்யாண வீட்டு வாசல் ஏறாது. கல்யாணம் வைக்கிறவன் மனசில் ஒரு சின்ன உறுத்தல் வரக்கூடாது, அது நம்ம பொறுப்பு என்பார். அதில் அவருக்கு இருந்தது பெருமை. சாத்தூர் வட்டாரத்தில் அந்தப் பொட்டுக்காகவே அவரைத் தேடி வந்தார்கள்.

நானும் இங்கே கடையை எடுத்த முதல் வாரமே சின்ன டப்பாவில் சிவப்பு பெயிண்ட் வாங்கி, பழைய நாற்காலிகளாகப் பார்த்துப் பிரித்து, அடியில் பொட்டு வைத்தேன். யாரும் கேட்கவில்லை. இங்கே கடைக்கு வருகிறவர்களின் முதல் கேள்வியே வேறு. "தார்ப்பா உண்டா?" மழையைப் பற்றித்தான் இவர்களுக்குக் கவலை. நல்லதும் கெட்டதும் ஒரே மழையில்தான் நனைகிறது.

இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. ஒரு ஊரில் உள்ளவர்கள் ஒருவருக்கொருவர் தெரியாமலே என் சாமான்கள் வழியாகத் தொட்டுக்கொண்டே இருப்பார்கள். திங்கட்கிழமை கோயில் கஞ்சி காய்ச்சிய அண்டா, வியாழக்கிழமை சர்ச் அசன விருந்துக்குச் சோறு வடிக்கும். காரக்கோணத்தில் கண் பரிசோதனை முகாமுக்குப் போன நாற்காலி, அடுத்த நாள் கொல்லயிலில் வயல் விற்றவர் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் இருக்கும். யார் உட்கார்ந்த சூட்டில் யார் உட்காருகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். எங்கள் பிக்கப் வண்டி ஓட்டுகிற ஷாஜிக்கும் தெரியும்.

ஸ்டெல்லாக்காவை அப்படித்தான் தெரியும். காரோடு என்கிற ஊரின் கடற்கரையிலிருந்து மீன் கொண்டுவந்து எங்கள் தெருவில் விற்கிறவர். அண்ணன் தம்பிகள் எல்லாம் கடல் வேலைக்காரர்கள். முதல் நாள் என் வாசலில் தலையிலிருந்த மீன் சருவத்தை இறக்கி வைத்து, நான் கையில் எடுத்துப் பார்த்த மீனைப் பிடுங்கி உள்ளே போட்டு, "இது நாளத்தைக்கு நாறும் மக்கா, நீ பாண்டிக்காரி, உனக்கு மீன் பாக்கத் தெரியாது" என்று வேறு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். தன் சரக்கைத் தானே வேண்டாம் என்று சொன்ன வியாபாரியை அன்றுதான் பார்த்தேன். அதிலிருந்து தினமும் காலை பத்து மணிக்கு என் கடையில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து போவார். பால் விடாத கட்டன்சாயா குடிப்பார். கடை எடுத்தபின் எனக்கு வந்த முதல் ஆர்டரே அவருடையதுதான். மகள் சர்ச்சில் முதன்முதலாக நன்மை வாங்குகிற புதுநன்மைக்கு ஐம்பது நாற்காலி. "கசேர நல்லா இருக்கணும், கேட்டியா? எனக்க மானம்" என்றார். இருப்பதிலேயே வெள்ளையானதைப் பொறுக்கி அனுப்பினேன்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு கார்த்திகை மாதம் அவருடைய அப்பா தவறிப்போனார். கடலிலேயே வாழ்ந்து, கட்டிலில் நிம்மதியாகக் கண் மூடிய மனிதர். ஸ்டெல்லாக்கா போன் பண்ணி அழுதார். "மக்கா, அப்பன் போயிற்று. நீ கசேர கொண்டு வா." நானே ஷாஜியோடு வண்டியில் ஏறினேன். ஏற்றிக்கொண்டு போனது பொட்டு வைத்த நாற்காலிகள். அதில் எனக்கு ஒரு துளி யோசனையும் இல்லை. சாவு வீடு, ஆகவே சாவு நாற்காலி. அப்பாவின் மகள் அல்லவா நான்!

பிரேதத்தைச் சர்ச்சுக்குக் கொண்டுபோய்ப் பூசை நடந்துகொண்டிருக்கும்போது கடலிலிருந்து மழை ஏறி வந்தது. தார்ப்பாயைத் தூக்கி எறிந்துவிட்டுப் பெய்தது. அடக்கம் முடிந்து எல்லாரும் திரும்பி வந்தபோது நாற்காலி ஒவ்வொன்றிலும் தண்ணீர் தேங்கி நின்றது. ஆண்கள் தண்ணீர் வடிவதற்காக எல்லாவற்றையும் முன்பக்கமாகக் கவிழ்த்துப் போட்டார்கள். வீட்டு முன்னால் வெள்ளை மணலில் வரிசை வரிசையாகச் சிவப்புப் பொட்டு.

ஸ்டெல்லாக்கா அதைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு நாற்காலியைத் தொட்டுப் பார்த்தார்.

"இது எதுக்காக்கும் மக்கா, இந்தச் செவப்பு? பிள்ளைக்க புதுநன்மைக்கு வந்ததுல இது இல்லியே."

அப்போதாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பொய் சொல்லத் தெரியாதவளும் இல்லை நான். ஆனால் வழக்கம் என்று நம்பினதைப் பற்றி யாருக்குப் பொய் சொல்லத் தோன்றும்? "அது கெட்டதுக்கு உள்ளதுக்கா. நல்லதுக்குத் தனியா வச்சிருக்கோம்" என்றேன்.

"ஓ" என்றார். நனைந்த கையைச் சேலையில் துடைத்தார். பிறகு, "அப்பம் எனக்க அப்பன் மரிச்சதுக்கு வந்து இருக்கப்பட்டவங்களுக்கு ஒதுக்கி வச்ச கசேரயாக்கும்."

"அய்யோ, அப்படி இல்லக்கா. எங்க ஊரு வழக்கம் அது."

"இது எங்க ஊராக்கும்" என்றார். சத்தம் போடவில்லை. "ஏழாம் நாள் பூசைக்குக் கசேர வேண்டாம் மக்கா. வேற எடத்துல சொல்லிக்கிடுதேன்."

அந்த 'மக்கா'வை விட்டுவிட்டுத் திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அடுத்த நாள் பத்து மணிக்கு அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. பக்கத்துத் தெரு வழியாக மீன் கூவிக்கொண்டு போவது கேட்கும், எங்கள் தெரு முனையில் குரல் திரும்பிவிடும். கடற்கரைப் பக்கமிருந்து வருகிற ஆர்டர்கள் ஒன்றொன்றாக நின்றன. அது கூடப் பரவாயில்லை. கட்டன்சாயா இரண்டு டம்ளர் போட்டுப் பழகின கை, ஒரு டம்ளருக்கு அளவு தெரியாமல் நின்றது. நேரே போய் "தப்புதான், மன்னிச்சிருங்கக்கா" என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? பஸ்ஸில் முக்கால் மணி நேரம். ஆனால் எனக்கும் வீம்பு. நான் என்ன கெடுதலா செய்தேன், ஊரில் எல்லாரும் செய்வதைத்தானே செய்தேன் என்று வீட்டுக்காரரிடம் தினமும் வாதாடினேன். அவர் டியூப் லைட் வயரைச் சுற்றிக்கொண்டே இருப்பார். அதுவும் எரிச்சலாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் நெய்யாற்றின்கரைப் பக்கமிருந்து ஒருவர் மகள் கல்யாணத்துக்குச் சாமான் பேச வந்தார். படித்த மனிதர், மெல்லிய குரல், என்னோடு பேசுவதற்காகச் சிரமப்பட்டு நல்ல தமிழ் பேசினார்.

"உங்க ஏற்பாடு பத்திக் கேள்விப்பட்டேன். அடையாளம் வச்சுப் பிரிச்சு வச்சிருக்கீங்களாமே. ரொம்ப நல்ல காரியம். கடப்புறத்து மீன்காரங்க வீட்டுக்குப் போயிட்டு வந்த சாமான் எதுன்னு நமக்குத் தெரியணும் இல்லியா?"

"அது சாவு வீட்டுக்குப் போறதுங்க. கடப்புறத்துக்குன்னு இல்ல."

"ஆமா ஆமா, ரெண்டும் ஒண்ணுதான்" என்று சிரித்தார்.

எத்தனையோ வருஷமாக இங்கே நான் பாண்டிக்காரி. முதன்முதலாக ஒருவர் என்னையும் சேர்த்து 'நமக்கு' என்கிறார். எதற்குச் சேர்த்துக்கொண்டார் பாருங்கள்! அப்பா வைத்த பொட்டு அங்கே ஒரு கல்யாண வீட்டின் மனசை உறுத்தாமல் காத்தது. அதே பொட்டு இங்கே வந்ததும் வேறு ஒருவர் கையில் ஆளைப் பிரித்துக் கோடு போடுகிற சுண்ணாம்புக் கட்டியாகிவிட்டது. நான் தூக்கிக்கொண்டு வந்தது பெயிண்ட் டப்பா என்று நினைத்திருந்தேன். கூட என்னென்ன வந்தது என்று அன்றுதான் தெரிந்தது.

"அந்தத் தேதிக்குக் கசேர இல்லீங்க" என்றேன்.

என் முதுகுக்குப் பின்னால் நாற்காலிகள் கூரை முட்ட அடுக்கி இருந்தன. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து போனார். பொய் சொல்லத் தெரியும் என்று சொன்னேனே.

அன்று மத்தியானமே ஷாஜியை அனுப்பிப் பெயிண்ட் தின்னர் வாங்கி வரச் சொன்னேன். நானும் வீட்டுக்காரரும் உட்கார்ந்து ஒவ்வொரு நாற்காலியாகக் கவிழ்த்துத் துடைத்தோம். பொட்டு போனது, ஆனால் உற்றுப் பார்த்தால் வெளிறிய ரோஸ் நிறத்தில் ஒரு கறை நின்றது. "உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா?" என்றார் வீட்டுக்காரர். "நீங்க சொன்னாத்தான் தெரியும்" என்றேன். எல்லா நாற்காலியையும் ஒன்றாகக் கலந்து அடுக்கினோம். அதற்குப் பிறகும் நான் காரோட்டுக்குப் போகவில்லை. அழித்ததே போதும் என்று இருந்துவிட்டேன். அழித்ததை யாருக்காக அழித்தேனோ அவரிடம் சொல்லாமல் இருந்தால் என்ன புண்ணியம் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. பிழைக்கிற சாமர்த்தியம் உண்டு, மனுஷரிடம் போய் நிற்கிற சாமர்த்தியம் இல்லை எனக்கு.

மாசி மாதம், காலையில் நாற்காலி துடைத்துக்கொண்டிருக்கும்போது தம்பியின் போன். "அக்கா, அப்பா..." என்றான். கடையைப் பாதி திறந்த நிலையிலேயே மூடிவிட்டுக் கிளம்பினோம். நாகர்கோவில், திருநெல்வேலி, கோவில்பட்டி என்று ஒவ்வொரு ஊராகக் கழிய, ஜன்னலுக்கு வெளியே பச்சை வடிந்து மண் நிறம் ஏறிக்கொண்டே வந்தது. இந்தத் தடவை அதைப் பார்த்து நெஞ்சு குளிரவில்லை. அந்த மண்ணில் எனக்கு இருந்த ஒரு ஆள் இனி இல்லை என்றுதான் அழுதேன்.

வாசலில் பந்தல் போட்டு, அப்பாவின் கடை நாற்காலிகளைத்தான் போட்டிருந்தார்கள். மறுநாள்தான் எடுப்பது என்று முடிவானது. மறுநாள் பதினொரு மணி இருக்கும். தெருவில் ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது, நெற்றியில் மலையாள எழுத்து. ஷாஜி இறங்கினான். மறு பக்கத்துக் கதவைத் திறந்து ஸ்டெல்லாக்கா இறங்கினார். வெள்ளைச் சேலை, கையில் ஒரு கட்டு மெழுகுவர்த்தி. விடியும் முன்னே கிளம்பியிருக்க வேண்டும். "யாருக்கா இவுக?" என்று தம்பி கேட்டான். என்ன சொல்லட்டும்? மீன்காரர் என்றா, என் முதல் ஆர்டர் என்றா? எழுந்து ஓடி அவரைக் கட்டிக்கொண்டேன். அவர் மேல் மீன் வாடையும் மெழுகு வாடையும் சேர்ந்து அடித்தது. அதுவரை சத்தமில்லாமல் அழுதவள் அப்போதுதான் வாய்விட்டு அழுதேன்.

மெழுகுவர்த்தியை எங்கே ஏற்றுவது என்று தெரியாமல் அவர் திகைத்து நின்றார். அப்பாவின் தலைமாட்டில் எரிந்துகொண்டிருந்த காமாட்சி விளக்கின் பக்கத்தில் நானே ஒன்றை ஏற்றி வைத்தேன். என் சித்தி ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் மெழுகுவர்த்தியை யாரும் எடுக்கவில்லை.

அப்பாவை எடுத்துப்போன பிறகு பெண்கள் வீடு கழுவினோம். ஸ்டெல்லாக்காவுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. வாசலில் கிடந்த நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப் போனார். சாய்ந்து கிடந்த ஒன்றைத் தூக்கினவர் அப்படியே நின்றுவிட்டார்.

"மக்கா, இஞ்ச வா."

போனேன். நாற்காலியைக் கவிழ்த்துப் பிடித்திருந்தார். அடியில் சிவப்புப் பொட்டு. அப்பாவின் கையால் வைத்தது, என்னுடையதைவிட வட்டமாக இருக்கும்.

"இது உங்க அப்பனுக்க கடைக் கசேரதானே?"

"ஆமாக்கா."

"சொந்த அப்பனுக்கும் இதைத்தானா போட்டீங்க?"

"அவர் வச்ச விதிக்கா. அவருக்கும் அதுதான்."

அவர் விரலால் அந்தப் பொட்டைத் தடவிக்கொண்டே இருந்தார். "எனக்க அப்பனுக்கு வந்ததே உனக்க அப்பனுக்கும்" என்றார். கேள்வி போலவும் இல்லை, பதில் போலவும் இல்லை. பிறகு அந்த நாற்காலியை நிமிர்த்திப் போட்டு அதில் உட்கார்ந்தார். நான் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தேன்.

"அங்க எல்லாத்தையும் அழிச்சிட்டேன்க்கா."

"அறியும். ஷாஜி சொன்னான், அன்னைக்கே."

"பின்ன ஏன் வரல?"

"நீ வந்து ஒரு வாக்கு சொல்லுவேன்னு பாத்துட்டு இருந்தேன்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உனக்கு மீன் பாக்கவும் தெரியாது, மனுஷர பாக்கவும் தெரியாது" என்றார். சாவு வீட்டு வாசலில் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சித்தி மறுபடி ஒரு மாதிரி பார்த்தார்.

காரியமெல்லாம் முடிந்து, எங்களைக் கூட்டிப் போக ஷாஜி மறுபடி வண்டியோடு வந்தபோது தம்பியிடம் அந்த நாற்காலியைக் கேட்டேன். "கெட்டதுக்கு உள்ளதையாக்கா கேக்க? நல்லதுல ஒண்ணு எடுத்துக்கோ" என்றான். இல்லை, அதுதான் வேண்டும் என்றேன். அவன் அப்பாவின் மகன், கடைசிவரை புரியவில்லை, ஆனால் தூக்கி வண்டியில் வைத்தான். களியக்காவிளை தாண்டும்போது தூறல் விழுந்தது. சாத்தூர்ப் புழுதி அந்த நாற்காலியிலிருந்து கோடு கோடாக வடிந்து இறங்கியது. பின்னால் திரும்பி அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இப்போது அது என் கடை வாசலில் கிடக்கிறது. பத்து மணிக்கு ஸ்டெல்லாக்கா சருவத்தை இறக்கி வைத்துவிட்டு அதில்தான் உட்காருகிறார். கட்டன்சாயா இரண்டு டம்ளர். அவர் அப்பாவின் ஆண்டுப் பூசைக்கு நாற்காலி என் கடையிலிருந்துதான் போனது. அந்த ரோஸ் கறையும் மழையில் வெளுத்துவிட்டது, புதுநன்மைக்குப் போனது எது, சாவுக்குப் போனது எது என்று எனக்கே இப்போது தெரியாது. கடையில் அடையாளத்தோடு இருப்பது இது ஒன்றுதான். இந்த மழைக்கு இதன் கால்களும் பச்சை பிடித்துவிட்டன. தினமும் காலையில் கவிழ்த்துப் போட்டுப் பாசியை வழிக்கிறேன். பொட்டின் பக்கம் துணி போகும்போது கை தானாக விலகிக்கொள்ளும்.

நேற்று பாறசாலையிலிருந்து சர்ச்சில் பேரனுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற மாமோதீசாவுக்கு நாற்காலி எடுக்க வந்த ஒருவர், ஏற்றினதில் ஒன்று குறைகிறது என்று வாசலில் இருந்ததைக் கையில் தூக்கினார். மணி ஒன்பதரைதான், நாற்காலி காலியாகத்தான் கிடந்தது.

"அது வேண்டாம் அண்ணாச்சி, கீழ வைங்க" என்றேன். "அதுல ஆளுண்டு."